லைலின் பேய்ப் படமும் என் சிரிப்பும்

லாஸ் ஏஞ்சலஸ்,
1931 அக்டோபர், ஞாயிறு

அன்பு மைத்துனன் எம்மெட்டுக்கு,

நானும் உன் அக்கா ஹேட்டியும் இங்கே சுகம். நெப்ராஸ்காவில் நீயும் உன் பிள்ளைகளும் உன் இரும்புக் கடையும் அதே போலச் சுகமாக இருக்கவேண்டும். எங்கள் பிள்ளை லைலைச் சினிமாக்காரர்கள் துரத்திவிட்டால் உன் கடையில் ஆணி நிறுக்க அனுப்பச் சொல்லியிருந்தாய். அவன் வரவில்லை. ஆனால் போன வெள்ளிக்கிழமை வரவேண்டியதாகத்தான் இருந்தது, அதற்குக் காரணம் அடியேன்.

லைல் இத்தனை வருஷமும் வழுக்கி விழுகிற காமெடிப் படங்களாக எடுத்துத் தள்ளியவன் என்று உனக்குத் தெரியும். பேசும் படம் வந்ததும் வழுக்கி விழுகிறவர்களுக்கு மவுசு போயிற்று. ஸ்டூடியோ முதலாளி பிராண்டெல் அவனைக் கூப்பிட்டு, "பேய்ப் படம் எடு. ஜனம் அலறணும். ஒருத்தன் சிரிச்சாலும் உன் சீட்டு கிழிஞ்சுது" என்றாராம். பையன் ஆடிப்போய்விட்டான். கை பழகிய பழக்கம் விடுமா? சவப்பெட்டியைத் திறந்தால் மூடியைப் பிணத்தின் மண்டையில் இடிக்க வைக்காமல் அவனால் இருக்க முடியவில்லை. எடுத்ததை வெட்டுவான், மறுபடி எடுப்பான், மறுபடி இடிக்கும். நான் ஒரு நாள் வேடிக்கை பார்க்கப் போனேன். அங்கே ரப்பர் பசையைக் காற்றாடியில் ஊதி நூலாம்படை செய்கிறார்கள். அது தெரியாமல் குறுக்கே போய் நின்றதில் என் தொப்பியும் தலையும் ஒன்றாகிவிட்டன. உன் அக்காதான் கத்தரிக்கோலால் பிரித்தெடுத்தாள்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. புதுப் படத்தை முதலில் ஏதாவது ஒரு சின்ன ஊர்க் கொட்டகையில், சொல்லாமல் கொள்ளாமல் ஓட்டி ஜனங்களின் நாடி பிடித்துப் பார்ப்பார்கள். காமெடிப் பட வெள்ளோட்டங்களுக்கெல்லாம் லைல் என்னை நடுவரிசையில் உட்கார வைப்பான். என் சிரிப்பு தொற்று வியாதி மாதிரி; நான் ஆரம்பித்தால் கொட்டகையே சிரிக்கும். மகனுக்கு நான் செய்த ஒரே உபகாரம் அதுதான். இந்தத் தடவை கிளென்டேல் ஊர்க் கொட்டகைக்குள் நானும் ஹேட்டியும் போகுமுன்னே என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா, கெஞ்சிக் கேக்கறேன், இன்னிக்கு மட்டும் வாயத் தொறக்காதீங்க."

நான் என்ன சின்னப் பிள்ளையா என்று கோபித்துக்கொண்டேன்.

படம் நன்றாகத்தான் போயிற்று. கதாநாயகி மெழுகுவர்த்தியோடு நிலவறைக்குள் இறங்குகிறாள். கொட்டகையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சவப்பெட்டியிலிருந்து மெல்ல ஒரு கை வெளியே வருகிறது. அந்த நேரம் பார்த்து, எம்மெட், பழக்க தோஷம், என் தொண்டையிலிருந்து "ஹீ" என்று கிளம்பிவிட்டது. பின்னால் ஒரு பெண் சிரித்தாள், அப்புறம் அவள் வரிசை, அப்புறம் கொட்டகை முழுக்கக் குலுங்குகிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முதலாளி எழுந்து நின்றுவிட்டார். நான் மனசுக்குள் லைலின் கையில் உன் தராசைக் கொடுத்துவிட்டேன். ஜனங்கள் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போது சவப்பெட்டிப் பூதம் கதாநாயகியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. ஒருத்தரும் எதிர்பார்க்கவில்லை. கிளம்பியது பார் அலறல். கூரை பிய்த்துக்கொண்டு போயிருக்கும். வேர்க்கடலைப் பொட்டலங்கள் பறந்தன. முதலாளியே பக்கத்து ஸீட் அம்மாள் மடியில் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும், முதலில் சிரித்தது யார் என்று கேட்டார். லைல் செத்த குரலில், "எங்க அப்பாதான் சார், நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றான். முதலாளி அவன் முதுகில் ஓங்கி அறைந்தார்.

"படவா, சிரிக்க விட்டு அசந்த நேரத்துல அடிச்சிருக்கியேடா. அடுத்த படமும் நீதான்."

என் பிள்ளை ரொம்ப அடக்கமாக, எல்லாம் காமெடியில் கற்றதுதான் என்றான். வழியில் வண்டியை நிறுத்தி ஆளுக்கொரு துண்டு ஆப்பிள் பை தின்றோம். ஹேட்டி அழுதுகொண்டே இரண்டு தின்றாள். ஆகவே, தம்பி, அந்த ஆணி வேலையை வேறு நல்ல பையனுக்குக் கொடு.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உன் வியாபாரம் செழிக்கட்டும்.

இப்படிக்கு,
நிம்மதியாகத் தூங்குகிற உன் அத்தான்,
ஆரின் டெபெட்ஸ்

பின்குறிப்பு: உன் அக்கா இதைப் படித்துவிட்டாள். நான் அன்றைக்குச் சிரிக்கவே இல்லையாம். அந்தக் கையைப் பார்த்ததும் குதிரைக்குட்டி மாதிரி கனைத்து, அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேனாம். ஜனங்கள் சிரித்தது என்னைப் பார்த்துத்தானாம். யோசித்துப் பார்த்தால் எனக்குப் பூதத்தின் மூஞ்சி ஞாபகம் இல்லை. மேலே எழுதியதில் பாதி லைல் சொல்லிக் கேட்டது போலிருக்கிறது. இது முதலாளிக்குத் தெரியவேண்டாம். அடுத்த வெள்ளோட்டத்துக்கும் என்னை நடுவரிசையில் உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறார். பயப்படுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.