பதில் சொல்லாத வாய்

சவரக் கத்தி கழுத்தில் இருந்தபோது எர்மெஸ் தொசாத்தோவால் வாயைத் திறக்க முடியவில்லை. எடுத்த பிறகும் திறக்கக் கூடாது. "ராத்திரி திரை தூக்குற வரைக்கும் ஒரு வார்த்தை பேசினாலும் குரல் போச்சு" என்று தொண்டை டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

எர்மெஸ் ஒரு பாரிடோன். ஆப்பராவில் அப்பா, வில்லன், ஏமாந்த அண்ணன் எல்லாம் அந்தக் கனத்த குரலுக்குத்தான். காதலியும் கைதட்டலும் உச்சியில் பறக்கிற டெனர் குரலுக்கு. ஆனாலும் சின்ன ஊர்களில் பாடிப் பாடிப் பெயர் வாங்கி, இன்றைக்குப் பார்மாவில் பாடப் போகிறான். பாட வேண்டியவர் கால் முறிந்து படுத்துவிட்டதால் நேற்றுக் கிடைத்த வாய்ப்பு. மிலானிலிருந்து, ஆப்பராவுக்குப் பாடகர் பிடிக்கிற கஸ்தோல்தி அம்மாள் ஒப்பந்தத்தோடு வருகிறாள். மலிவு டிக்கெட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிற மேல்மாடி ரசிகர்கள் ஏற்றுக்கொண்டால் கையெழுத்து. ஊளையிட்டால் ரோவிகோவில் மச்சானின் மெத்தைக் கடை. மச்சான் நாற்காலியைத் துடைத்தே வைத்திருந்தான்.

சவரம் செய்துகொள்ளச் சொன்னது ஒப்பனைக்கார இரிதே. குத்துமுடிமேல் பசை பிடிக்காது, ஒட்டுத்தாடி பாதிப் பாட்டில் கழன்றுவிடும் என்றாள். அதற்காக வந்த இடத்தில்தான் வினை.

"தம்பி ஊருக்குப் புதுசா?" என்றார் முடிதிருத்துகிற நுல்லோ.

எர்மெஸ் தலையாட்டினான்.

"மே மாசத்துல கழுத்துல மப்ளர் சுத்திக்கிட்டு வந்தீங்களே! பாடகரா? இன்னைக்கு ராத்திரியா?"

மறுபடி ஆட்டினான். நுல்லோவின் முகம் மலர்ந்தது.

"நாப்பது வருஷமா மேல்மாடில முதல் வரிசை நான்தான். நான் தட்டுனா எல்லாரும் தட்டுவாங்க, நான் ஊளையிட்டா எல்லாரும் ஊளையிடுவாங்க. சரி தம்பி, ஓநாய் வாய்க்குள்ள போங்க!"

மேடை ஏறுகிறவனை எங்கள் இத்தாலியில் இப்படித்தான் வாழ்த்துவோம். அவன் உடனே "சாகட்டும் ஓநாய்!" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அன்றைய ஆட்டம் அம்பேல். வாழ்த்தியவருக்கும் சேர்த்துத் தோஷம்.

எர்மெஸ் பல்லைக் காட்டினான்.

நுல்லோ காத்திருந்தார். காத்திருந்த நான்கு வாடிக்கையாளர்களும் பத்திரிகையைக் கீழே இறக்கினார்கள்.

"ஓநாய் வாய்க்குள்ளேன்னேன், தம்பி!"

எர்மெஸுக்கு வியர்த்தது. பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தான். பதற்றத்தில் கை தானாக எழுதிவிட்டது: மிக்க நன்றி.

பதில் சொல்லாதது தோஷம் என்றால் நன்றி சொல்வது மகாதோஷம். நுல்லோ கத்தியைப் போட்டுவிட்டு, தோஷம் ஒட்டாமலிருக்க நாற்காலியின் இரும்புக் காலைத் தொட்டார். மற்றவர்களும் கைக்கு எட்டிய இரும்பையெல்லாம் தொட்டார்கள். ஒருவர் வாசலுக்கே ஓடிப்போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டார்.

எர்மெஸ் எழுதியதை அவசரமாக அடித்துவிட்டு, 'டாக்டர் பேசக் கூடாது என்றார்' என்று எழுதிக் காட்டினான்.

"ஓஹோ! எங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசினா தொரைக்குத் தொண்டை தேஞ்சிருமோ? எந்திரிய்யா! ராத்திரி பாத்துக்கிறோம்!"

ஒரு கன்னம் வழவழவென்றும் மறு கன்னம் சோப்பு நுரையோடும் தெருவுக்கு வந்து நின்றான் எர்மெஸ்.

சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடிந்தால் அவன் ஏன் பாடகனாகிறான்? நல்ல கடையில் கிரீம் பலகாரம் ஒரு பெரிய பெட்டி வாங்கினான். 'மேல்மாடி நண்பர்களுக்கு, இன்றிரவு பாடுகிறவன்' என்று சீட்டெழுதிச் செருகி, இரிதேயிடம் கொடுத்து நுல்லோ கடைக்கு அனுப்பினான்.

திரும்பி வந்த இரிதேயின் தலையெல்லாம் கிரீம்.

"சீட்டைப் படிச்சதும் பெட்டிய அப்படியே என் தலையில கவுத்துட்டாருப்பா! 'மேல்மாடிக்கே லஞ்சமா'ன்னு தெருவே அதிருது. கூட்டமா விசில் வாங்கக் கிளம்பிட்டாங்க. நல்லா பண்ணினே போ!"

பக்கத்து அறையிலிருந்து டெனர் லோரிஸ் தலையை நீட்டினான். "கவலைப்படாதே. நான் தண்ணி குடிக்கப் போற நேரத்துக்குத்தானே பாரிடோனுக்குப் பாட்டு வச்சிருக்காங்க. யாரு கேக்கப் போறா?"

எர்மெஸ் குறிப்பேட்டை எடுப்பதற்குள் லோரிஸின் கதவு சாத்திக்கொண்டது.

இரவு திரை உயர்ந்தது. பொன்னிறப் பொய்முடியும் மீசையுமாக லோரிஸ் முதல் பாட்டைப் பாடினான். குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே பாடினான். ஆனால் மேல்மாடி ஊளையிட்டது. விசிலில் சரவிளக்கு நடுங்கியது. லோரிஸ் இரண்டாம் பாட்டில் தடுமாறி, மூன்றாம் பாட்டில் வார்த்தையையே மறந்தான்.

'அவனுக்கே இந்தக் கதியா?' என்று நினைத்தான் எர்மெஸ். மறு கன்னத்தைத் தானே மழித்துக்கொண்டு ஒட்டியிருந்த, இடுப்புவரை தொங்குகிற வெள்ளைத் தாடியைத் தடவிக்கொண்டான். கண்முன் மெத்தைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. எப்படியும் போகப் போகிற மானம், பாடிவிட்டாவது போகட்டும் என்று மேடைக்கு நடந்தான்.

மகளைத் தன் கையாலேயே விரட்டிவிட்ட கிழட்டுப் பிரபு, பூட்டிய கதவின்முன் நின்று அவளை அழைக்கிற பாட்டு. நாள் முழுக்க அடைத்து வைத்த குரல் மடை திறந்து வந்தது. எர்மெஸ் யாருக்கும் பயப்படாமல் பாடினான். வாழ்நாளில் இப்படிப் பாடியதில்லை என்று பாடும்போதே அவனுக்குத் தெரிந்தது.

பாட்டு முடிந்தது.

மேல்மாடி இடிந்து விழுந்ததுபோல் ஓர் ஆரவாரம். "இன்னொரு தரம்! இன்னொரு தரம்!" தரையை உதைத்தார்கள். அவன் மறுபடி பாடினான். முதல் வரிசையில் நுல்லோ கைப்பிடிமேல் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதார். ஏழு முறை திரையை விலக்கி அவனை அழைத்தார்கள். எர்மெஸும் தாடி நனைய அழுதான்.

ஒப்பனை அறையில் கஸ்தோல்தி அம்மாள் நின்றபடியே பேனாவை நீட்டினாள். தாடியைக்கூடக் கழற்றாமல் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டான். மை காய்வதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு நுல்லோ வந்தார். கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

எர்மெஸின் மனசு இளகிவிட்டது. "காலைல நடந்ததையெல்லாம் பெரிசா எடுத்துக்காம பெருந்தன்மையா நடந்துக்கிட்டீங்க. மன்னிச்சிடுங்க நுல்லோ அண்ணே."

"அந்தப் பய பண்ணுனதுக்கு நீங்க ஏன் மேஸ்ட்ரோ மன்னிப்புக் கேக்குறீங்க?" என்றார் நுல்லோ. "தொண்டையை அப்படிச் சீராட்டுறவன் டெனராத்தான் இருப்பான்னு எங்களுக்குத் தெரியாதா? அவனைத்தான் இன்னைக்கு உண்டு இல்லைன்னு பண்ணிட்டோமே!"