மேலான இசைவு…

தமிழுக்குத் தொண்டு செய்தவர்கள் பலர். ஏடு தேடி அலைந்தவர்கள் உண்டு, அகராதி தொகுத்தவர்கள் உண்டு. ஆனால் கட்டைவிரல் அகலப் பொத்தானுக்குள் தமிழை அரியணை ஏற்றிய பெருமை, அந்த மென்பொருள் நிறுவனத்தின் மூன்றாம் மாடியில் கூடிய 'பொத்தான் பெயர் உயர்நிலைக் குழு'வையே சேரும்.

குழுவின் உயிர்நாடி மொழிபெயர்ப்பாளர். ஒப்பந்த ஊழியர். விடுப்பு கேட்பதிலிருந்து ஆளை வேலைக்கு வைப்பது, அனுப்புவது, வாசல் கதவைத் திறப்பது வரை எல்லாம் நடக்கிற அலுவலகச் செயலியைத் தமிழாக்குவது அவர் பொறுப்பு. முடித்தால் வேலை நிரந்தரம் என்று குழுத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். அது அவருக்கு மானப் பிரச்சினை. மனைவியின் அண்ணன் போன் செய்யும்போதெல்லாம், "என்ன மாப்ள, இன்னும் டெம்பரவரிதானா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

முதலில் அவர் அப்பாவியாக 'சரி', 'வேண்டாம்' என்று எழுதிக்கொண்டு போனார். தலைவர் முகம் சுளித்தார்.

"'சரி'யா? இது காய்கறிக்காரர்கிட்ட சொல்றது. பொத்தானுக்குன்னு ஒரு கௌரவம் வேணாமா?"

மொழிபெயர்ப்பாளருக்குப் பொறி தட்டியது. "'மேலான இசைவு அளிக்கப்படுகிறது.' 'மேலான இசைவு மறுக்கப்படுகிறது.' எப்படி சார்?"

தலைவர் கண்ணை மூடி ரசித்தார். "உங்களை நிரந்தரமாக்காம வேற யாரை ஆக்கறது?"

திரையை வடிவமைக்கும் பெண் மட்டும் தயங்கினாள். "அண்ணா, பொத்தான்ல அவ்வளவு இடம் இல்ல. ஒரு தடவை திரையில போட்டுப் பாத்துடலாமே."

"நாங்க மொழியைப் பாக்கறோம்மா. திரையைப் பாக்கறது உன் வேலை." மொழிபெயர்ப்பாளர் குரலில் அப்போதே நிரந்தர ஊழியரின் கனம் ஏறியிருந்தது.

"அப்ப ஒண்ணைப் பச்சையாவும் இன்னொண்ணைச் சிவப்பாவும் வெச்சுடறேன்."

"தமிழுக்கு எதுக்கும்மா கலர் முட்டுக்கொடுக்கணும்?" என்றார் தலைவர். இரண்டு பொத்தான்களும் சாம்பல் நிறமாயின. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அவள் அப்போது போன் பேச வெளியே போயிருந்தாள்.

ஒப்பந்தம் முடிகிற நாளில் செயலி தமிழில் அரங்கேறியது. முதல் பொத்தான் அழுத்தப்பெறும் பாக்கியம் மொழிபெயர்ப்பாளரின் பணி நிரந்தர ஆணைக்கே வாய்த்தது. ஊழியர்கள் சுற்றி நிற்க, தலைவர் தன் போனை எடுத்தார். ஆணைக்குக் கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'மேலான இசைவு…' என்றிருந்தது. மற்றதிலும் 'மேலான இசைவு…' என்றிருந்தது.

"இதுல எது தம்பி?" தலைவர் உதடு அசையாமல் கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் கூட்டத்தில் கண்ணை ஓட்டினார். வடிவமைத்த பெண்ணோ அன்று விடுப்பு. தெரியாது என்று சொன்னால் இத்தனை பேர் முன்னால் குழுவின் மானம் கப்பலேறிவிடும்.

"வலது பக்கம் சார்" என்றார். நல்ல காரியத்துக்கு வலதுதானே.

தலைவர் அழுத்தினார். 'தங்கள் மேலான முடிவு…' என்று காட்டிவிட்டுத் திரை அடங்கியது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அன்று மாலை மொழிபெயர்ப்பாளரே போன் போட்டார். "இனிமே டெம்பரவரின்னு கூப்பிடாதீங்க மச்சான்."

மறுநாள் காலை, வாசல் கண்ணாடிக் கதவில் தன் அட்டையைக் காட்டினார். கதவு அசையவில்லை. பக்கத்திலிருந்த சின்னத் திரையில் 'மேலான அனுமதி…' என்று வந்தது.

காவலாளி எட்டிப் பார்த்தார். "என்ன சார் போட்டிருக்கு?"

"அனுமதின்னு போட்டிருக்கு."

"கதவு திறக்கலயே."

"கொஞ்சம் பொறுங்க. மீதி வரும்."

காவலாளியும் பொறுத்துப் பார்த்தார். மீதி வரவில்லை. "எந்த மகராசன் எழுதினானோ சார், காலையிலேர்ந்து உள்ள போறவங்க எல்லாரும் திட்டிட்டுத்தான் போறாங்க."

மொழிபெயர்ப்பாளர் அட்டையை இன்னொரு தடவை காட்டினார். கண்ணாடிக்கு அப்பால் தலைவர் திரை வடிவமைக்கும் பெண்ணிடம் தன் போனை நீட்டுவது தெரிந்தது. கதவிடுக்கு வழியாகக் குரலும் கேட்டது. "ஏம்மா, இதை முதல்ல பழையபடி இங்கிலீஷுக்கு மாத்திக் குடு. எனக்கு ஒண்ணும் புரியல."

சட்டைப் பையில் போன் அடித்தது. மச்சான்.

தமிழ் வளர்ந்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. வளர்த்தவர் வாசலில் நிற்கிறார். வளர்க்கச் சொன்னவர் உள்ளே, இங்கிலீஷில், சௌகரியமாக இருக்கிறார்.