மூட மறுத்த டிக்கி

டிக்கிக் கதவு மூன்றாவது தடவையாக மண்டையில் விழுந்தபோது இருதயநாதன் ஒரு முடிவுக்கு வந்தார். ஸ்பிரிங்கைத் தாமே மாற்றிவிடுவது.

பொன்மலை ரயில்வே பணிமனையில் அவர் ஸ்டோர்ஸ் தலைமைக் குமாஸ்தா. இருபத்திரண்டு வருஷமாக அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு ஸ்பிரிங்கும் அந்த வாசலைத் தாண்டியதில்லை. அதில் ஒன்றைக்கூட அவர் கையால் தொட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அம்பாசடர் வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. கறுப்பு வண்டி, பத்தொன்பது வயசு. விற்ற உறையூர்க்காரர் பேரமே பேசவில்லை. இன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். எவ்வளவு நல்ல மனுஷர் என்று இருதயநாதன் வழியெல்லாம் வியந்துகொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் லூர்துராணியைப் பெண் பார்க்க லால்குடியிலிருந்து வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் வந்து, பலகாரம் சாப்பிட்டு, பதில் போடாமல் போயிருந்தது. பெண்ணுக்கு இருபத்தேழு முடிந்துவிட்டது. டீச்சர் வேலை முடிந்து அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அப்பாவுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். மாப்பிள்ளையின் அப்பா இன்னாசிராஜ் வாத்தியார். அந்த வீட்டில் முடிவு சொல்கிறவர் அவருடைய அக்கா அமலராணியாம். அந்த அம்மாள் தலையசைத்தால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. ‘சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நில்லுங்கள், என் சொந்தக் காருடன் வருகிறேன்’ என்று இருதயநாதன் எழுதிப் போட்டிருந்தார். ‘சொந்த’ என்பதற்கு அடியில் கோடு வேறு.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, பாலக்கரைப் பழைய இரும்புக் கடையில் இரண்டு தடித்த ரயில் ஸ்பிரிங் பிடித்தார். கார் ஸ்பிரிங் இல்லையே சார் என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். ரயிலைத் தாங்குவது காரைத் தாங்காதா என்று இவர் கேட்டதும் அவர் காசை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

நாலு மணி நேரம் போராடி மாட்டினார். கதவை மூட, அதன்மேல் ஏறி உட்கார வேண்டியிருந்தது. இறங்கியதும் அது எகிறி, அவர் தாடையில் ஒரு போடு போட்டது. தாடையைப் பிடித்துக்கொண்டே, ஒரு புது ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டினார். இப்போது கதவு சாதுவாக மூடிக்கொண்டது.

மூன்று மணி வெயில். தெருவில் ஒரு காக்கை கூட இல்லை. காயப்போட்ட துணியை எடுக்க வந்த மனைவி டோரதி, டிக்கி தானாக மேலெழும்புவதைப் பார்த்தாள். ஒரு சாண் எழும்பி நின்றது. உள்ளே படுத்திருக்கும் யாரோ வெளியே எட்டிப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அப்புறம் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

“என்னங்க, அதுக்குள்ள யாரோ இருக்காங்க,” என்றாள்.

இருதயநாதன் போய்த் திறந்து பார்த்தார். ஸ்டெப்னியும் ஜாக்கியும்தான் இருந்தன. ஆனால் அந்த வெயிலிலும் உள்ளேயிருந்து ஒரு குளிர்ச்சி முகத்தில் அடித்தது. அவருக்குக் கை ரோமம் சிலிர்த்துவிட்டது. மனைவியிடம் அதைச் சொல்லவில்லை. டோரதி வேளாங்கண்ணித் தீர்த்தத்தைத் தெளித்து, டிக்கிக் கைப்பிடியில் ஒரு ஜெபமாலையைத் தொங்கவிட்டாள். மறுநாள் அதே மூன்று மணிக்கு ஜெபமாலையோடு சேர்ந்து கதவு எழும்பியது.

இதற்குமேல் வீறாப்பு எதற்கு என்று சனிக்கிழமை மெக்கானிக் நிஜாமுதீனிடம் வண்டியைக் கொண்டுபோனார். நிஜாமுதீன் டிக்கிக்குள் தலையை விட்டு வெகுநேரம் பார்த்தார். வெளியே வந்து, யாரிடம் வாங்கியது என்று விசாரித்தார். சொன்னதும், கழற்ற எடுத்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

“சார், இந்தப் பழைய ஸ்பிரிங் தேஞ்சு போகல. தேஞ்சா தொங்கும். இது முறுக்கி ஒடிஞ்சிருக்கு. பூட்டு நாக்கும் வெளிப்பக்கமா வளைஞ்சிருக்கு பாருங்க. உள்ளேருந்து யாரோ தள்ளியிருக்காங்க.”

“டிக்கிக்கு உள்ளேருந்து யாருய்யா தள்ளுவாங்க?”

“இது சாவு வண்டி சார். செத்தவங்கள அவங்க ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டி. உறையூர்ல யாரை வேணா கேளுங்க. நான் இதுல கை வைக்கமாட்டேன்.”

விஷயம் லால்குடிக்காரர்களுக்குத் தெரிந்தால் இருந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவார்கள். இருதயநாதன் டாக்சி வைக்கலாமென்றால் அந்தக் கோடு போட்ட ‘சொந்த’ குறுக்கே நின்றது. வீட்டில் மூச்சு விடாமல், டிக்கியைத் தேங்காய்நார்க் கயிற்றால் நாலு சுற்று சுற்றி இறுக்கிக் கட்டினார்.

ஞாயிறு காலை சத்திரத்தில் இன்னாசிராஜும் அக்காவும் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். அமலராணி அம்மாள் நாலரை அடி இருந்தால் அதிகம். வெளுத்து, வற்றி, பேச்சே இல்லாமல் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். இன்னாசிராஜ் முன்னால் உட்கார்ந்தார்.

முதல் பள்ளத்திலேயே பின்னாலிருந்து தட், தட் என்று இரண்டு தட்டு கேட்டது. கதவைத் திறக்கச் சொல்லி யாரோ உள்ளிருந்து தட்டுவதுபோல் இருந்தது. இன்னாசிராஜ் திரும்பிப் பார்த்தார். ஸ்டெப்னி ஆடுகிறது என்றார் இருதயநாதன். அமலராணி அம்மாள் மட்டும் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தை உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

பாலக்கரை டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் வண்டியைக் கண்டதும் எழுந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பக்கத்துக் கடைக்காரர் பாதிக் கதவை இழுத்துச் சாத்தினார். தாண்டி நின்ற ஓர் அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார்.

“உங்களுக்கு இந்தப் பக்கம் ரொம்ப மரியாதை போலிருக்கே,” என்றார் இன்னாசிராஜ், நிஜமான மதிப்போடு.

இருதயநாதன் பதில் சொல்ல வாயைத் திறக்கவும், பின்னால் கயிறு அறுந்தது. கண்ணாடியில் தெரிந்துகொண்டிருந்த தெரு மெதுவாக மறைந்தது. டிக்கிக் கதவு கறுப்பாக, ஆள் எழுந்து நிற்பதுபோல் எழும்பி நின்றது. அவர் வண்டியை ஓரங்கட்டினார்.

அவருக்கு முன்னாலேயே அமலராணி அம்மாள் இறங்கிப் பின்பக்கம் போயிருந்தார். டிக்கியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்து பார்த்தார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மூன்றாவது இடமும் போயிற்று என்று இருதயநாதனுக்கு உறுதியாகிவிட்டது.

“அம்மா, தெரியாம வாங்கிட்டேன். எந்த மாதிரி வண்டின்னு நேத்துதான் தெரிஞ்சுது. மறைச்சது என் தப்பு. எம் பொண்ணு ஒண்ணும் அறியாதவ. அவள வேண்டாம்னு சொல்லிடாதீங்க.”

“உறையூர் வண்டிதானே?” என்றார் அந்த அம்மாள், திரும்பாமலே.

“ஆமாம்மா.”

அமலராணி அம்மாள் ஒடிந்த ஸ்பிரிங்கை ஒரு விரலால் மெல்லத் தடவினார். அப்புறம் திரும்பி, முதல் தடவையாகச் சிரித்தார்.

“உங்களுக்கு எதுக்குச் சிரமம் சம்பந்தி, புது ஸ்பிரிங் செலவு என்னுது, போன ஆடியில நான் செத்துட்டேன்னு இங்க ஆஸ்பத்திரியில எவனோ கம்பவுண்டர் சொன்னதக் கேட்டு, பாயில சுருட்டி இதுக்குள்ள போட்டு மூடிட்டானுங்க, கொள்ளிடம் பாலத்துல முழிப்பு வந்து ரெண்டு காலாலயும் ஒதச்சது நான்தான்.”