மொட்டை மாமாவும் மகளின் முதல் சொல்லும்

பிள்ளை பேசப் பிந்தினால், சொந்தக்காரர் எல்லோரும் டாக்டராகிவிடுவார்கள். "அப்பனே வாயத் தொறக்க மாட்டாரு, புள்ள எப்புடிப் பேசும்?" என்றார் கண்டி மஹய்யாவயில் எங்களோடு இருக்கும் என் மாமியார். நான் பதில் சொல்லவில்லை. (அதனால் அவர் சொன்னது உண்மையென்று உறுதியாகிவிட்டது.)

மகள் தாரணிக்கு அப்போது இரண்டரை வயது. 'அம்மா' என்றுகூடச் சொன்னதில்லை. வளர்ச்சி கொஞ்சம் பிந்துகிறது, இப்போதே பயிற்சி தொடங்குவது நல்லது என்று டாக்டர் சொன்ன அன்று மனைவி செல்வி ராத்திரி முழுக்க அழுதாள்.

குண்டசாலையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ்ஸிடம் ஒருநாள் மகளை நான் தனியாகக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. மிஸ் தரையில் உட்கார்ந்து மகளோடு சோப்புக் குமிழி ஊதினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்பா, நீங்க பாக்குறது, செய்யுறது எல்லாத்தையும் சின்னச் சின்னதா சொல்லுங்க. சொல்லிட்டு நிறுத்துங்க. புள்ளைக்கு இடம் விடுங்க."

முதல் பாதி தலையில் ஏறியது. மறுபாதி ஏறுவதற்குள் கண்டி பஸ் வந்துவிட்டது.

பஸ்ஸில் எல்லோரும் சிங்களவர், தமிழ் தெரிந்தவர் யாருமில்லை என்று முடிவு செய்தேன். (முகத்தைப் பார்த்தே பாஷை கண்டுபிடிப்பதில் எனக்கு அப்படியொரு நம்பிக்கை.) மகளை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"பஸ் போகுது. பாலம். தண்ணி. அந்த ஆன்ட்டி தூங்குறாங்க. வாய் தொறந்திருக்கு. ஆ! முன்னுக்கு மாமா. மாமாவுக்கு மொட்டை. பளபள மொட்டை. காதுல முடி. நெறைய முடி."

முன்சீட்டு மாமா மெதுவாகத் திரும்பினார்.

"தம்பி, நான் மடவளை ஊர்க்காரன். எங்களுக்கும் தமிழ்தான்."

ஆன்ட்டியும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பயிற்சி பாதியில் நின்றால் பிள்ளைக்குக் கெடுதலாகிவிடுமோ என்று பயம். "மாமா திரும்பிட்டாரு. மாமா மொறைக்கிறாரு. மாமாவுக்குக் கோவம்..."

ஒரு சின்னக் கை என் வாயைப் பொத்தியது.

"போதும்."

தெளிவாகச் சொன்னாள். மாமா என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன்.

"பேசிட்டா!" என்று நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை அழுத்தினார். சண்டையென்று நினைத்து கொண்டக்டர் ஓடிவந்தார். அழுகையில் எனக்கு வார்த்தை வரவில்லை. கடைசியில் மாமாதான் எழுந்து நின்று சிங்களத்தில் விளக்கினார்: பிள்ளை முதல்முறையாகப் பேசியிருக்கிறது, தகப்பனை வாயை மூடச் சொல்லியிருக்கிறது. பஸ்ஸே சிரித்தது. மாமா மகளின் கன்னத்தைத் தட்டி, "நல்ல வேல செஞ்சீங்க மகள்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் செல்வி அழுதாள், சிரித்தாள், பிறகு யோசித்தாள்.

"வேற என்ன சொல்லுவா? நான் சோறு போடும்போது இந்த வீட்டுல நீங்க சொல்ற ஒரே வார்த்தை அதுதானே!"

அடுத்த சொல்லுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தோம். இப்போது தாரணி பள்ளிக்கூடம் போகிறாள். இன்னும் யோசித்து யோசித்துத்தான் பேசுவாள். நானோ அன்று திறந்த வாயை இன்னும் மூடவில்லை. அதனால் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்திலும் என்னிடம் மைக் தருவதில்லை. அப்படியே யாராவது தெரியாமல் தந்துவிட்டாலும், தாரணியைத் தூக்கிவந்து முதல் வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள்.