மாப்பிள்ளைக்குக் கூழ் என்றால் உயிர்

அரைகுறை வைத்தியனிடம் மாட்டினால் மனுஷனாவது கத்துவான், ஓடுவான். மோட்டார் வண்டி பாவம், கடைசிவரை நம்மை நம்பும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கம். என் தங்கை சரசுவுக்குத் திண்டிவனத்தில் கல்யாணம். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, விடிந்தால் முகூர்த்தம். விழுப்புரம் போய் மாப்பிள்ளையை அழைத்துவரும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். (அப்போதுதான் வண்டி ஓட்டப் பழகியிருந்தேன். ஆனால் டிரைவர் தொப்பி வாங்கியாகிவிட்டது!) வண்டி அப்பாவின் சிநேகிதருடையது. "எதுனா ஆச்சி, கல்யாண வீடுன்னுகூட பாக்கமாட்டேன், தோலை உரிச்சிடுவேன்" என்று அப்பா எச்சரித்திருந்தார்.

விழுப்புரம் சேர்ந்ததும் பார்த்தால், ரேடியேட்டர் ஒழுகுகிறது. கொஞ்சம் மாவு போட்டால் ஓட்டை அடையும் என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. கொஞ்சமாகப் போட நான் என்ன கஞ்சனா? கடைத்தெருவில் ஒரு படி கேப்பை மாவு வாங்கி அவ்வளவையும் கொட்டினேன். ஒழுகல் நின்றது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

விக்கிரவாண்டி தாண்டியதும் வண்டியின் முன்பக்கம் ஆவி கிளம்பியது. பின்னால் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் மூக்கை உறிஞ்சினார்.

"இன்னாபா இது, வீடு வாசலே இல்லாத எடத்துல களி கிண்டுற வாசனை வருது?"

நிறுத்தினேன். துணி சுற்றி மூடியைத் திறந்தால், உள்ளேயிருந்து களி பொங்கி வந்தது. நான் எகிறிக் குதித்ததில் தொப்பி அதில் விழுந்து செத்தது.

"சகுனம் சரியில்ல. திரும்பிடலாம்" என்று மாமன் துண்டை உதறினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு படி மாவில் சரசுவின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே!

மாப்பிள்ளை இறங்கி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார். "மேல கொதிக்குது, கீழ சில்லுனு கெடக்குது. தண்ணி எறங்கல மச்சான். உள்ள இன்னா போட்டீங்க?"

சொன்னேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சூடு ஆறியபின் கீழ்க்குழாயைக் கழற்றினோம். கழனிக் கிணற்றிலிருந்து நான் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். அடைப்பு அசையவில்லை. கடைசியில் மாப்பிள்ளையே கீழே படுத்து, வாயை வைத்து ஊதினார். பொளக்கென்று கழன்றது. அவ்வளவு கூழும் அவர் முகத்திலும் பட்டுச் சட்டையிலும்!

"சகுனம் பாத்தது போதும் மாமா, ஜல்தியா ஏறுங்க" என்றார்.

வழியெல்லாம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு திண்டிவனம் சேர்ந்தபோது, மேளக்காரர்கள் வாசித்துக் களைத்துப் போயிருந்தார்கள். அப்பா அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார். "இன்னாடா ஆச்சி?"

நான் தொப்பியில்லாத தலையைச் சொறிந்தேன்.

"நான்தான் மாமா நிறுத்தச் சொன்னேன்" என்று மாப்பிள்ளை முன்னால் வந்தார். "வழியில கூழ் வித்தாங்க. எனக்குக் கூழுன்னா உசிரு. அதான் லேட்டு." (தாய்மாமன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.)

அம்மா பூரித்துப் போனாள். அன்றிலிருந்து அவர் எப்போது வந்தாலும் செம்பு நிறையக் கூழ்தான். அவருக்குக் கூழ் வாசனையே ஆகாது என்று சரசு பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். என் தோலுக்காக வருஷக்கணக்கில் குடித்தார், மகராசன். அவருக்கு நான் பட்ட கடன் இந்த ஜென்மத்தில் தீராது.

அப்பாவின் கை ஓய்ந்த பிறகு, ஒரு பொங்கலன்று நானே உண்மையைப் போட்டு உடைத்தேன். வீடே சிரித்தது, அப்பா உட்பட. அம்மா மட்டும் நம்பவில்லை.

"நல்ல மனுசன் ஆசையா குடிக்கிறத ஏண்டா கிண்டல் பண்ற?" என்று என்னைத் திட்டிவிட்டு, அவர் செம்பை மறுபடி நிரப்பினாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே அதையும் குடித்தார்.