மாட்டுறேன் என்றுதான் சொன்னேன்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதுவது. நான் இங்கே நலம். உங்கள் நலமும், அக்காவின் நலமும், தனியாகவே விசாரிக்க வேண்டிய அக்காவின் முழங்கால் நலமும் அறிய ஆவல். போனில் பேசலாம்தான். பேசினால் அக்கா பிடுங்கிக்கொள்வாள். அவளிடம் எதையும் மறைக்க எனக்கு வராது. அதனால் கடிதம். தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும்.

நீங்கள் சொல்லி வாங்கித் தந்த வேலை இது. உயரமான கட்டடங்களின் கண்ணாடியை வெளிப்பக்கமிருந்து துடைக்க வேண்டும். மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் தொங்கும் தொட்டிலில் இறங்குவோம். பெயர்தான் தொட்டில், தூக்கமெல்லாம் வராது. ஏறுவதற்கு முன் இடுப்புப் பட்டையின் கொக்கியைக் கயிற்றில் மாட்டிக்கொள்ள வேண்டும். போன செவ்வாய்க்கிழமை நான் மாடி விளிம்பில் நிற்கிறேன், உங்கள் நண்பர் சூப்பர்வைசர் கீழே நிழலில் நின்றுகொண்டு வாக்கிடாக்கியில், "கொக்கியை மாட்டிட்டு இறங்குப்பா" என்றார். நான் "மாட்டுறேன்" என்றேன். அந்தக் கருவி கரகரத்ததில் நடுவிலிருந்த ஓர் எழுத்து காற்றோடு போய், கீழே "மாட்டேன்" என்று கேட்டுவிட்டது. நடந்தது இவ்வளவுதான் அத்தான்.

கேட்டவர் சூப்பர்வைசர் மட்டும் என்றால் பரவாயில்லை. பக்கத்தில் பாதுகாப்பு அதிகாரியும் நின்றிருக்கிறார். ஆபத்தான வேலை என்று தொழிலாளி மறுத்தால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்த வேண்டுமாம், அவனை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாதாம். மூச்சு வாங்க மேலே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதைச் சொல்ல ஒரு ஆள் வருவாரான்னு பார்த்துட்டே இருந்தேங்க" என்றார். பிறகு கொக்கியைப் பார்த்தார். அதன் வாய் மூடாது, டேப் சுற்றி வைத்திருந்தோம். ரொம்ப நாளாக அப்படித்தான் இருக்கிறது, இதுவரை யாரும் விழவில்லை. அவர் அதைப் போய்ப் பெரிய விஷயமாக்கிப் படமெல்லாம் பிடித்து, கட்டடம் முழுக்க வேலையை நிறுத்திவிட்டார்.

நான் மறுத்துப் பேசுகிற ஆளா, நீங்களே சொல்லுங்கள். சின்ன வயதில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் கசப்பு மருந்தைக் குடித்தது நான். முடி வெட்டப் போன இடத்தில், "மொட்டையே அடிச்சிடவா?" என்று கடைக்காரர் விளையாட்டாகக் கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு வந்தவன் நான். இப்போது எனக்குத் தலைவர் என்று பெயர். "தலைவர் வர்றார், வழி விடுங்கப்பா" என்று நிஜமாகவே வழி விட்டுவிடுகிறார்கள். சாப்பிட உட்கார்ந்தால் அந்த பெஞ்சு முழுக்க எனக்குத்தான். என்னோடு சிரித்துப் பேசினால் அவர்கள் பெயரும் கெட்டுவிடும் என்று பயம், பாவம். எங்கள் அறையில் பக்கத்துக் கட்டில்காரன் ஒருவன் உண்டு, அவனுக்கும் தொட்டில் வேலைதான், பட்டப்பெயரே லொடலொட. தூக்கத்தில்கூடப் பேசுவான். அவனும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். அவன் வாயை மூடமாட்டானா என்று எத்தனை நாள் வேண்டியிருக்கிறேன். மூடிவிட்டான், இப்போது எனக்குத் தூக்கம் வரவில்லை.

பகலில் என்னை ஓர் அறையில் உட்காரவைத்திருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை வேறு வேலை கிடையாது. சுவரில் ஒரு படம், ஹெல்மெட் போட்ட ஒருவர் கட்டைவிரலைக் காட்டிச் சிரிக்கிறார். காலையில் அவருக்கு வணக்கம் வைக்கிறேன், மாலையில் போயிட்டு வர்றேன் என்று சொல்லிக்கொள்கிறேன். ரொம்பத் தனியாக இருக்கிறது அத்தான். மேலே தொட்டிலில் ஒற்றை ஆளாகத் தொங்கியபோதுகூட இப்படி இருந்ததில்லை.

அடுத்த வாரம் விசாரணை. சூப்பர்வைசர் வந்து தோளில் கை போட்டு, "மாட்டுறேன்னுதான் சொன்னேன், கருவி கோளாறுன்னு ஒரே வார்த்தை. மறுநாளே நீ நம்ம பையன்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். மறுப்பே இல்லை என்றால் புகாரும் இல்லை, கொக்கி அப்படியே இருக்கும், எல்லோரும் பழையபடி பேசுவார்கள். ஆகவே நீங்கள் அவருக்கு ஒரு போன் போட்டு, என் மைத்துனன் பிறவியிலேயே மறுக்கத் தெரியாதவன் என்று உங்கள் வாயால் உறுதி சொல்ல வேண்டும். உங்கள் பெயருக்கு என்னால் ஒரு சொல் வரக் கூடாது.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்களுக்கு நீண்ட ஆயுள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லைத் தட்டாத மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன் அத்தான். போன் போட வேண்டாம். கருவியில ஒரு கோளாறும் இல்ல, தெளிவாத்தான் இருந்துச்சு. கொக்கியைப் பார்த்தேன், கீழ பார்த்தேன். மாட்டேன்னுதான் சொன்னேன். நான் இல்லன்னா அந்தக் கொக்கியோட லொடலொடதான் இறங்குவான், அவனுக்கும் வேணாம்னு சொல்லத் தெரியாது. விசாரணையில கேட்டாலும் அதையேதான் சொல்லப் போறேன். வேலை போனாலும் போகும். இங்க யாரும் என்கூடப் பேசலைன்னா சமாளிச்சுக்குவேன். நீங்க பேசாம இருந்துடாதீங்க அத்தான்.