பதிலுக்கு என்னங்க எழுதட்டும்?

சேசு மரி சூசை துணை

இண்டூர்
9-8-1971

பாசமுள்ள ரோசம்மாள் சித்திக்கு, உங்கள் அக்கா மகள் வேளாங்கண்ணி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, தம்பி, கறவை மாடு எல்லோரும் சுகம். பாலக்கோட்டில் நீங்களும் சித்தப்பாவும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். என் சுகம் மட்டும் கொஞ்சம் கெட்டிருக்கிறது. அதற்குக் காரணம் நீங்கள்தான்.

போன மாதம் வந்தபோது பங்குச் சாமியாரிடம், "எங்க புள்ள எட்டாவதோட நின்னுட்டாலும் தமிழ் நல்லாப் படிக்கும்ங்க சாமி, பூசையில வாசகம் படிக்கச் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள். நேற்று அது என் தலையில் விழுந்தது. வகுப்பில் எழுந்து படித்தால் என் குரல் முன் பெஞ்சுக்கே கேட்காது, உங்களுக்குத் தெரியாதா சித்தி? மாட்டேன் என்று சாமியாரிடம் சொல்லவும் அதே குரல்தானே வேண்டும், அதனால் சொல்லவில்லை.

எனக்குப் பயமில்லாமல் படிக்க வருகிற இடம் ராயம்மாள் அத்தை வூடு ஒன்றுதான். அவங்க மகன் சவரி அண்ணன் பட்டாளத்திலிருந்து எழுதுகிற கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன். தெருப் பெண்களெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். நான் ஒரு வரி படித்தால் அவர்கள் நாலு வரி பேசுவார்கள், நானும் பதில் சொல்வேன். முடிந்ததும் அங்கேயே பேனாவைத் திறந்து பதில் எழுதிவிடுவேன். நேற்று கோயிலில் பெண்கள் பக்கம் முன்னால் அத்தை உட்கார்ந்திருந்தாங்க. இது அத்தை வூடு என்று நினைத்துக்கொண்டு அவங்க முகத்தையே பார்த்துப் படித்தேன். குரல் வந்துவிட்டது சித்தி! அதுதான் வினை.

வாசகம் அப்போஸ்தலர் ஒருவர் எழுதின கடிதம். எட்டாம் வகுப்பில் கடிதத்துக்கு விளிப்பு வேண்டும், செய்தி வேண்டும், முடிப்பு வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பூசைக்கு அதில் நடுப்பகுதியை மட்டும் எடுத்திருந்ததால் இதில் விளிப்பும் இல்லை, முடிப்பும் இல்லை. அவர் சிறையில் இருக்கிறார் என்கிற இடம் வந்ததுதான் தாமதம், அத்தை, "அய்யோ, செயில்லயா! சோறு கீறு போடறாங்களா கண்ணு?" என்று கேட்டுட்டாங்க. நானும் வழக்கம்போல, "அது எழுதலைங்க அத்தை" என்றேன். பக்கத்திலிருந்த பெரியம்மாள் அக்கா, "நம்மள ஒரு வார்த்தை விசாரிக்கலியா?" என்றாங்க. "இல்லீங்க அக்கா." "செயில்ல கெடக்கற மனுசனுக்கு அதெல்லாமா நெனப்பு வரும், நீ படி புள்ள" என்று அவங்களே சொல்லிட்டாங்க. படித்து முடித்தேன். அப்போதாவது சும்மா இறங்கி வந்திருக்கலாம். புத்தகத்தை மூடிவிட்டு, "பதிலுக்கு என்னங்க எழுதட்டும்?" என்று கேட்டுவிட்டேன்.

கோயிலே சிரித்தது. வழக்கமாக வாசகம் படிக்கிற உபதேசியாருக்கு இருமல் வந்துவிட்டது. சாமியார் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "உடம்பப் பாத்துக்கச் சொல்லி எழுது கண்ணு" என்றாங்க. நான் பக்கத்துக் கதவு வழியாக ஓடி வந்துவிட்டேன். இன்றைக்குக் கிணற்றடியில் எல்லோரும், "செயிலுக்குப் பதில் போட்டாச்சா?" என்கிறார்கள்.

ஆகையால் சித்தி, எனக்குத் தொண்டை சரியில்லை, இனி உபதேசியாரே படிக்கட்டும் என்று சாமியாருக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். உங்கள் பேச்சை அவர் தட்டமாட்டார். பொய்யும் ஆகாது, நேற்றிலிருந்து தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

சித்தப்பாவுக்கு என் தோத்திரம். மாதா உங்கள் இருவரையும் காப்பாளாக.

அன்பு மகள்
வேளாங்கண்ணி

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் சாமியார் வூட்டுக்கே வந்துவிட்டார். நான் மாட்டுக் கொட்டாயில் ஒளிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை. "அந்தக் கடுதாசியோட கடைசியையும் படிச்சுப் பாரும்மா" என்று முழுப் புத்தகத்தையும் அம்மாவிடம் கொடுத்துப் போயிருக்கிறார். படித்தேன். கடைசியில் அந்த அப்போஸ்தலர் ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லிச் சொல்லி விசாரித்திருக்கிறார் சித்தி, நம்ம சவரி அண்ணன் மாதிரியே! அத்தை வூட்டுக்கு ஓடிப்போய்ப் படித்துக் காட்டினேன். "அதான பாத்தேன், விசாரிக்காம இருப்பாரா? வர்ற ஞாயித்துக்கெழம இதையும் எல்லார் காதுலயும் வுழறாப்பல படிச்சுடு" என்றாங்க. நான் "சரிங்க அத்தை" என்றது தெருமுனை வரைக்கும் கேட்டதாம், தம்பி சொல்கிறான். கேட்டதற்குச் சாமியாரும் பூசை முடிந்ததும் படிக்கலாம் என்று சொல்லிவிட்டார். அதனால் அந்த இரண்டு வரியை எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீங்களே வாருங்கள். வந்து கடைசி வரிசையில் உட்காருங்கள். அங்கே கேட்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.